தெற்குச் சுவரில் ஒட்டிய மேடை

திண்டுக்கல்லில் ஒரு டைல்ஸ், கிரானைட் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளராக இருக்கிறேன். கல் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் சமையலறைக்கும் யோசனை கேட்பார்கள். அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே படம் போட்டுக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால் பதினான்கு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக வீடு கட்டியபோது, சமையலறையை மட்டும் இன்ஜினியரைத் தொடவே விடவில்லை.

பத்தடிக்கு ஒன்பதடி அறை. அதற்குள் ஒரு ஐலண்டு வைத்தே தீருவது என்று இருந்தேன். அறையின் நடுவில் தனியாக நிற்கும் மேடை அது. கடைக்கு வரும் கேட்டலாக்குகளில் பெரிய பெரிய வீடுகளின் நடுவே பளபளவென்று நிற்கும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அது கிடையாது.

சுவர் பூசி முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். கிழக்குச் சுவரில் அடுப்பு. அதற்கு நேர் பின்னால் நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் மேடை. அதன் ஒரு முனை தெற்குச் சுவரில் ஒட்டியிருக்கும். மறுமுனையைத் தாண்டி, வடக்குச் சுவரில் சிங்க்.

கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, ஐலண்டுன்னா நாலு பக்கமும் சுத்தி வரணும்ல? இது செவுத்துல ஒட்டியில்ல கெடக்கு.”

“நம்ம எடத்துக்கு மூணு பக்கம் போதும்ப்பா” என்றேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் கோடுகளுக்கு நடுவில் நிறுத்தினேன். அதுவரை பத்து வருடம் வாடகை வீட்டில், தரையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்துதான் அவள் காய் நறுக்கினாள். அவளுக்குப் பழனிப் பக்கம் பாலசமுத்திரம். என்னிடம் இன்று வரைக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள்.

“கீழ உக்காந்து அரியறதுக்கு எடம் எங்கீங்க?” என்று கேட்டாள்.

“இனிமே எதுக்குக் கீழ உக்காரணும்? நின்னுக்கிட்டே கத்தியில நறுக்கலாம். இங்கிட்டு அடுப்பு, அப்படியே திரும்புனா மேடை. நாலு எட்டு நடக்க வேணாம் பாரு.” அடுப்பைப் பார்ப்பதுபோல நின்று, திரும்பி, நறுக்குவதுபோல நடித்துக் காட்டினேன். தெற்குச் சுவரோரம் கிரானைட்டில் ஒரு வட்ட ஓட்டை வரும், கீழே வாளி இருக்கும், தோலையும் காம்பையும் வலது கையால் அப்படியே தள்ளிவிடலாம் என்றேன். அந்த ஓட்டை என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அவள் என்னைப் போலவே திரும்பி நின்றாள். தெற்குச் சுவர் அவளுடைய இடது பக்கம் வந்தது. செத்த நேரம் அந்தச் சுவரையே பார்த்தாள்.

“ஏனுங்க, மேடைய இந்தச் செவுத்த விட்டுப்போட்டு அந்தச் செவுத்துல ஒட்டுனா ஆகாதுங்களா?”

“அங்க சிங்க் வருதுல்ல” என்றேன். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், வாஸ்து என்று கால் மணி நேரம் விளக்கினேன். உண்மையில் குழாய் எதுவும் அப்போது பதிக்கவில்லை. எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

“சரிங்க” என்றாள்.

பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் அந்த மேடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கடை முதலாளி, “சின்ன எடத்துல அம்புட்டையும் அடக்கிட்டியேப்பா” என்றார். அதற்கப்புறம் யோசனை கேட்கும் வாடிக்கையாளர்களை நான் வீட்டுக்கே அழைத்து வர ஆரம்பித்தேன். முன்னால் போன் கூடச் செய்யமாட்டேன். மனைவி செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பாள். நான் ஓட்டையைக் காட்டுவேன், வாளியை இழுத்துக் காட்டுவேன். வந்தவர்கள் அவளைப் பார்த்து, “குடுத்து வச்சவங்கக்கா நீங்க” என்பார்கள். அவள் காப்பி போடப் போவாள்.

ஆனால் அந்தச் சமையலறையில் வேலை ஓடவில்லை. வாடகை வீட்டில் ஏழரைக்கெல்லாம் சாப்பாடு டப்பாவில் இருக்கும். இங்கே எட்டே கால் ஆகியும் வெஞ்சனம் அடுப்பில் இருக்கும். மகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் வாசலில் நின்று கத்துவேன். “இம்புட்டு வசதி பண்ணிக் குடுத்தும் வேலை நகர மாட்டேங்குது. முன்னாடி எல்லாம் எப்படிச் செஞ்ச?” அவள் டப்பாவை மூடி நீட்டுவாள். அவளுக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவளுக்கு முப்பத்தைந்துதான்.

அவளுடைய இடது முழங்கையில் தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. ஒரு நாள் பார்த்துவிட்டு, மெடிக்கலில் களிம்பு வாங்கி வந்து கொடுத்தேன். அதே சமயத்தில் தெற்குச் சுவரில், மேடைக்கு ஒரு சாண் உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்று முடிவு செய்து, கடையிலிருந்து இரண்டு டைல்ஸ் கொண்டுவந்து அந்த இடத்தில் ஒட்டினேன். பிறகு அவள் முழங்கையில் கறுப்பு இன்னும் அதிகமானது. கையும் சுவரும் என் கண் முன்னால்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன வருடம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒட்டன்சத்திரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குக் காய்கறி மார்க்கெட்டில் வேலை. மனைவி பேறுகாலம் பார்க்க அங்கே போனாள். நான் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன்.

அது வாடகைக்கு இருக்கும் சின்ன வீடு. சமையலறையை யாரும் யோசித்துக் கட்டியதாகத் தெரியவில்லை. ஒரு சுவரோரம் நீளமாக ஒரு கடப்பா கல். வலது கோடியில் அடுப்பு. இடது பக்கம் முழுக்கத் திறந்த இடம். அங்கே நின்று அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி என்ன வேகத்தில் போகிறது! உள்ளே இருந்தபடியே மகளோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், கையைப் பார்க்கக்கூட இல்லை. என் வீட்டில் அவள் அப்படிச் சமைத்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கத்தி இடது கையில் இருப்பது கண்ணில் பட்டது.

மகளிடம் மெதுவாகக் கேட்டேன். “உங்கம்மா என்ன, நொட்டாங்கைல நறுக்குறா?”

மகள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “எப்பவும் அப்படித்தானப்பா. சாப்புடவும் எழுதவும் மட்டுந்தான் சோத்தாங்கை. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொன்னால் பொய். அவள் கோலம் போடும் கை, துணியை அடிக்கும் கை எல்லாம் நான் பார்த்ததுதான். பார்த்ததோடு சரி.

மனைவியிடம் போய் நின்றேன். “நம்ம வீட்டுல அந்தச் செவுரு கையில இடிக்கும்ல?”

“இடிக்குமுங்க.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டனுங்களே. அந்தப் பக்கம் ஒட்டுனா ஆகாதுங்களான்னு.”

“எதுக்குன்னு சொல்லலயே.”

“நீங்க எதுக்குன்னு கேக்கலீங்களே.” நறுக்கிய பீன்ஸைச் சட்டியில் தள்ளினாள். பிறகு, “கண்ணாலத்துக்கு முன்னாடி எங்கம்மா சொல்லித்தானுங்க அனுப்புச்சு, அங்க போயி நொட்டாங்கைய நீட்டாதேன்னு. அதப் போயி எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். மேடை முன்னால் அவள் நிற்கும் இடத்தில் நின்று, கத்தியை இடது கையில் பிடித்து ஒரு வெங்காயத்தை நறுக்கினேன். மூன்றாவது வெட்டில் முழங்கை டைல்ஸில் இடித்தது. கையை ஒடுக்கினால் கத்தி இறங்கவில்லை. தள்ளி நின்றால் ஓட்டை எட்டவில்லை. ஒரு வெங்காயத்தை முடிக்கவே தோள் வலித்தது. வீடு கட்டியதிலிருந்து அந்த இடத்தில் நின்று நான் நறுக்கியது அன்றுதான்.

அடுத்த வாரமே கொத்தனாரை வரவழைத்தேன். சிங்கைத் தெற்குச் சுவருக்குக் கொண்டுபோய், மேடையைப் பெயர்த்து வடக்குச் சுவரில் ஒட்டினோம். பெயர்க்கும்போது பழைய கிரானைட் ஓட்டை இருந்த இடத்தில் உடைந்துவிட்டது. புதுக் கல்லில் ஓட்டை போடவில்லை. பதினைந்து நாள் வேலை. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது பார்க்கட்டும் என்று இருந்தேன்.

வந்தாள். சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

“எதுக்குங்க இதெல்லாம்?”

“உனக்காகத்தான். நின்னு பாரு.”

கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். முழங்கை எதிலும் இடிக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். காம்பைப் பழைய பழக்கத்தில், பார்க்காமலேயே ஓட்டை இருந்த இடத்துக்குத் தள்ளினாள். அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் தள்ளினாள், மறுபடியும் விழுந்தது. கை கழுவ வடக்கே திரும்பி, வெறும் சுவரைப் பார்த்து நின்றாள்.

“போகப் போகப் பழகிரும்” என்றேன்.

“பழசுக்குப் பழகவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுங்க” என்றாள். “இனி இதுக்கும் பழகோணுமா?”

மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். குறைந்தது இன்னும் மூன்று வருடமாவது அவள் ஒட்டன்சத்திரத்தில்தான் இருப்பாள். இங்கே நான் ஒருவன்தான். ரசம் வைத்து, முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்த மேடை தேவையே இல்லை.

போன ஞாயிறு அங்கே போனபோது, சாப்பிட்டு முடித்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அந்தச் சமையக்கட்டு மாதிரி வேற என்னென்ன நான் ஒங்கிட்ட கேக்காம விட்டேன்?”

அவள் சிரித்து மழுப்பவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உண்மையிலேயே யோசித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தொட்டிலில் குழந்தை அழுதது. எழுந்து போய்த் தூக்கிச் சமாதானப்படுத்தி, தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நான் மறுபடியும் கேட்டிருக்கலாம். பதில் நீளமாக இருக்கும் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.