பார்கவியின் கரும்பலகைக் கையெழுத்து

மராத்தி வழிப் பள்ளியில் ஒரே தமிழ்ப் பிள்ளையாக உட்கார்ந்து கணக்கில் முதலிடம். நுழைவுத் தேர்வில் ஒரு முறை தோற்று, மறுமுறை உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கு இடம். சித்தப்பா கொண்டுவந்த வரன்களை எல்லாம் திருப்பி அனுப்பியது. அதுதான் இருப்பதிலேயே கடினம். என் தங்கை பார்கவி ஜெயித்தவை இவை. இத்தனை ஜெயித்தவளுக்கு சாக்பீஸை எடுத்துத் தன் பெயரைப் போட நாலு வருஷம் ஆனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் ஆராய்ச்சி அறையில் ஒரு வழக்கம். நிறுவிய தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். மற்றவர்கள் வந்து குடைவார்கள். ஓட்டை கிடைக்காவிட்டால் எழுதியவர் அடியில் கையெழுத்துப் போடலாம். அதன்பிறகுதான் வழிகாட்டி ப்ரியம்வதா மேடம் அதை ஆய்வேட்டில் சேர்க்க விடுவார். கூடப் படிக்கும் சந்துரு இரண்டு முறை போட்டுவிட்டான். இவளோ வாரம் முடிவதற்குள் தானே அழித்துவிடுவாள்.

நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். சாகண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் உலர்த்தும் ஓவனின் வெப்ப கிராஃபைச் சரிபார்க்கிறேன். அதை வைத்துத்தான் தன் ஆராய்ச்சியை எனக்குச் சொன்னாள். அந்தக் கோடு நடுங்கிக்கொண்டே போகிறதல்லவா, அப்படிப் போகக்கூடிய கோடுகள் அத்தனையையும் ஒரே கூட்டமாக வைத்து, எந்த மாதிரிக் கோடு எவ்வளவு வரக்கூடும் என்று எடை போடுவது. அதற்குக் காஸியன் அளவை என்று பெயராம். கூட்டம் முழுவதையும் ஒரு வளைவின்படி நகர்த்தினால் பழையதற்கும் புதியதற்கும் உறவு இருக்குமா, அதாவது ஒன்றில் வரவே வராதது மற்றதிலும் வராததாகவே இருக்குமா என்பது அவள் கேள்வி. கரடுமுரடான வளைவுகளுக்கும் இருக்கும் என்று எழுதி வைத்திருந்தாள்.

ஆய்வேடு கொடுக்க இரண்டு மாதம்தான் பாக்கி. தவறினால் பதிவே போய்விடும். அந்த நேரத்தில் ஒரு சாயங்காலம், செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, தப்பு என்றாள்.

"யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான்."

"வேற யாருக்கும் தெரியாதுல்ல? வாயை மூடிட்டுக் கையெழுத்தப் போட்டுட்டு வாடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கோபம்தான் ஏறியது. கோட்டை ஐம்பது புள்ளி, ஐயாயிரம் புள்ளி என்று வெட்டிப் பார்த்தால் எப்படி நகர்த்தினாலும் உறவு நிற்குமாம். அதை அப்படியே முடிவில்லாத புள்ளிகளுக்கும் நீட்டிவிட்டாள். அங்கே வளைவு போதுமான அளவு மென்மையாக இல்லாவிட்டால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாதி உறவு என்பதே கிடையாது. அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விதி, இவளுக்கும் தெரியும். அவசரத்தில் தவறவிட்டிருக்கிறாள்.

கரடுமுரடானவற்றை நீக்கிவிட்டு, மென்மையானவற்றுக்கு மட்டும் மறுபடி நிறுவினாள். கூட்டத்தில் அந்த மென்மையானவற்றின் எடை எவ்வளவு என்று கேட்டேன்.

"சுழியம்."

"சுழியத்துக்காடி நாலு வருஷம்?"

"அதுங்கபடி நகர்த்தினாத்தான்க்கா உறவு மிஞ்சும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுபடி பலகையில் எழுதினாள். சந்துரு வாரம் முழுக்கக் குடைந்துவிட்டு, தேற்றம் துவைத்த சட்டை மாதிரி சுருங்கிவிட்டது, ஆனால் கிழியவில்லை என்றானாம். அவள் அனுப்பிய பலகைப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். அப்பா பெயரோடு முழுப் பெயர். அடியில் தேதி: 22 நவம்பர் 2023.