நாற்பது நிமிடத் தூரம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் பயண நேரமும் சொல்லும் வலைப்பக்கம் செய்வது என் வேலை.

இன்று காலை, எங்கள் ஆபீஸைத் துடைக்கும் மர்பி டவுனிலிருந்து வரும் செல்விக்கா ஒரு சீட்டை நீட்டினார். அதில் மாலத்தீவில் விமான நிலையம் உள்ள இரண்டு குட்டித் தீவுகளின் பெயர்.

"இங்கேருந்து அங்க போக எவ்ளோ நேரம் சார்?"

தட்டிப் பார்த்தேன். "நாப்பது நிமிஷம்க்கா."

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் கட்டட வேலையில விழுந்தாரு. ஆஸ்பத்திரி இருக்கிற தீவுக்குக் கொண்டுபோக மூணு நாளாச்சு, அதான் பொழைக்கலன்னாங்க. ரொம்ப தூரம் போலருக்குன்னு மனச தேத்திக்கினு இருந்தேன்."

தூரத்தை வேகத்தால் வகுப்பது மட்டும்தான் எங்கள் கணக்கு, விமானத்துக்குக் காத்துக் கிடந்த நாள் அதில் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கெட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நிமிடம் பிசகாத கணக்கு என்று போன வாரம் இங்கே பதிவு போட்டுப் பீற்றிக்கொண்டேன். வாழ்த்தியவர்கள் தயவுசெய்து வந்து உங்கள் வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.