வாங்காமல் விட்ட சுற்றுலாப் புத்தகங்கள்

அட்டையில் பனிமலை போட்டிருந்த அந்தச் சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் கடை மேசையில் திருப்பி வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கெட்டுப்போன மீனைத் திருப்பிக் கொடுப்பதுபோல வைத்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்ததெல்லாம் துறைமுகங்கள்தான். நான் பார்த்தது தூத்துக்குடியும் திருச்செந்தூரும். சாவதற்குள் ஒரு தடவை பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுவும் அவரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அவரும் சரியென்றார். நம்பகமான புத்தகம் ஒன்று கிடைத்ததும் சிம்லாவுக்குக் கிளம்பலாம் என்றார். அங்கேதான் வந்தது வினை.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் தூத்துக்குடி பற்றிய பக்கத்தைத்தான் பிரிப்பார். சிம்லாவுக்குப் போகிறவருக்குத் தூத்துக்குடி எதற்கு? அதில், காலையில் கடற்கரைக்குப் போனால் முத்துக்குளிப்பைப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கும். அவருடைய தகப்பனார் முத்துக்குளித்தவர். அந்தத் தொழில் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. மனிதருக்கு முகம் சிவந்துவிடும். "ஏளா, நம்ம ஊரையே பாக்காம எழுதுனவன், சிம்லாவ மட்டும் பாத்தா எழுதியிருப்பான்?" என்பார்.

சிம்லாப் பக்கத்தை எழுதியவன் வேறு ஆளாக இருக்கலாமே, ஒருத்தனே எல்லா ஊருக்குமா போயிருப்பான் என்று நானும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! ஒரு புத்தகத்தில் நம் ஊர்ப் பெயரே இல்லை, அதையும் தள்ளிவிட்டார். கடைசியில் ஒன்று தேறியது. முத்துக்குளிப்பு இப்போது கிடையாது, ஊருக்குப் பேர்போன முந்திரி இனிப்பு மக்ரூன் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். பூரித்துப்போனார். பார்த்தால், அது தென் தமிழ்நாட்டுக்கு மட்டுமான புத்தகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார். வந்த எரிச்சலில், திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரோடு நான் பேசவேயில்லை.

அப்புறம் மாரடைப்பில் ஒரு நாள் அவர் போய்விட்டார்.

இந்த வருடம் மகளோடு சிம்லா போனேன். கையில் கிடைத்த ஒரு புத்தகத்தை, எந்தப் பக்கத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கினேன். அதில் புகழ்ந்திருந்த விடுதி பூட்டிக் கிடந்தது. நல்ல சாப்பாடு என்று போட்டிருந்த இடத்தில் செருப்புக்கடை இருந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரிதான். ஆனால் பனி இருந்தது. அள்ளினேன், விரல்கள் மரத்துப்போயின. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது கோபம்தான்.

"ஏங்க, தப்புத் தப்பா எழுதுன புஸ்தகத்த வச்சே நாம வந்திருக்கலாம்லா" என்று வாய்விட்டே சொன்னேன்.