நினைக்கிறவர்கள் வந்து ஊட்டட்டும்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வருகிற உறவினர்களும் நண்பர்களும் கையில் வாங்கப்போகும் இந்தச் சிறு மலரில் நாலு வரி எழுதும்படி பெரியப்பா என்னிடம் சொன்னார். "மனசுக்கு நெறைவா எழுதும்மா. சிரிச்ச மொகமா சிலுவய சொமந்தாங்கன்னு எழுது" என்றார். பெரியப்பா மன்னிக்க வேண்டும். அம்மா சுமந்தது உண்மை. ஆனால் சிரித்த முகமாகச் சுமக்கவில்லை. அலுத்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும்தான் சுமந்தார். ஒருநாளும் இறக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா அரியாங்குப்பத்தில் பிறந்து, புதுச்சேரி பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அப்பாவுக்குச் சைகோனில் உத்தியோகம். கப்பலில் வந்து கப்பலில் போவார். என் தம்பி சவரிமுத்து கைக்குழந்தையாக இருக்கும்போதே அங்கே காய்ச்சலில் காலமானார். பிறகு வீட்டில் அம்மா, நான், தம்பி மூவர்தான்.

தம்பிக்குக் கழுத்து நிற்கவில்லை. உட்காரும் பருவத்தில் உட்காரவில்லை, பேசும் பருவத்தில் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்காரத் தொக்தேர் பார்த்துவிட்டு, இதற்கு மருந்தில்லை, பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எப்படி நன்றாக வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. தாய் செய்த பாவம் என்றார்கள். கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள் என்றார்கள். அதற்கெல்லாம் அழ அம்மாவுக்கு நேரமில்லை. பிள்ளைக்குச் சோறு இறங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய கவலை.

குழந்தையைக் கால்மேல் மல்லாத்திப் போட்டுப் பாலாடையால் புகட்டுவது நம் வீடுகளில் வழக்கம். தம்பி வளர்ந்த பிறகும் அம்மா அப்படித்தான் கஞ்சி புகட்டினார். வாய்க்கு வாய் புரை ஏறும், கண் செருகும். பார்க்க வந்த பெண்கள் அவன் உச்சந்தலையில் தட்டி, "யாரோ புள்ளைய நெனைக்கிறாங்க" என்பார்கள். ஒருநாள் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நெனைக்கிறவங்க வந்து ஊட்டட்டும். எனக்குக் கை ஒடியுது" என்றார்.

வழி கிடைத்தது அந்தக் களைப்பில்தான். ஒரு மத்தியானம் பிள்ளையை மடியில் தாங்கத் தெம்பில்லாமல், அடுக்களைச் சுவர் மூலையில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார். அவன் மோவாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, குழைத்த சோற்றை விரல் நுனியளவு நாக்கில் வைத்தார். "தின்னுத் தொலடா, எனக்கு வேற வேல இல்லியா?" என்று முனகிக்கொண்டே காத்திருந்தார். சோறு இறங்கியது. புரை ஏறவில்லை. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார்.

உழவர்கரையிலிருந்து எங்களுக்குக் கீரை கொண்டுவரும் பச்சையம்மாள் அதை ஒருநாள் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகள் குப்புவுக்கும் இதே நிலைமை. மறுநாள் தலையில் கூடையும் இடுப்பில் குப்புவுமாக வந்தார். இரண்டு பிள்ளைகளும் அந்த மூலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சேதி பரவி, ஞாயிறு பூசை முடிந்ததும் வேறு தாய்மார்களும் வரத் தொடங்கினார்கள். கோவிலுக்கு வராதவர்களும் வந்தார்கள். "நா இன்னா தொக்தேரா? எல்லாரும் இங்கியே வறீங்க" என்று அம்மா சலித்துக்கொள்வார். சலித்துக்கொண்டே முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அழுகிற தாயைப் பார்த்து, "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதல்ல புள்ளைய நிமுத்து. அப்பறம் அழு. நீ சாப்ட்டியா?" என்பார். பாதிப் பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நெஞ்சு நோவு. படியேற முடியவில்லை, பேசினால் மூச்சு வாங்கியது. சாவைப் பற்றி அவர் பயப்படவில்லை. தம்பி வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டான், அந்தப் பயம்தான். என்னை ஊட்டச் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். நான் ராசா, கண்ணு என்று கெஞ்சுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். "நா கண்ண மூடினா இவன் பட்டினி கெடந்தே போய்டுவான்டி" என்று அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடக்கம் முடிந்து வந்த அன்று, பிள்ளை பட்டினி என்று மனம் தாங்காத சின்னம்மா அவனைக் காலில் மல்லாத்திப் பாலாடையால் பால் புகட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாம் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். தம்பிக்குப் புரை ஏறி உதடு நீலமாயிற்று. தலையில் தட்டிய ஒருவர், "அம்மாதான் நெனைக்கிறா, கூடவே கூட்டிக்கப் பாக்குறா" என்றார். கல்லறை வரை வந்து திரும்பியிருந்த பச்சையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவனைத் தூக்கி முன்பக்கம் கவிழ்த்தார். மூச்சு வந்தது.

பிறகு அவனை மூலையில் உட்கார வைத்தோம். எல்லோரும் மாறி மாறிக் கொஞ்சினோம். வாயே திறக்கவில்லை. பச்சையம்மாள் எங்களை நகரச் சொல்லிவிட்டு, அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நடந்த களைப்பு அவர் குரலில் இருந்தது. "தின்னுத் தொலடா, எனக்கு வேற வேல இல்லியா?" என்றார்.

தம்பி திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

எங்கள் கொஞ்சல் எல்லாம் அவனுக்கு அந்நியம். சோறு என்றால் அந்த அலுத்த குரலோடு வருவது என்றுதான் அவனுக்குத் தெரியும். இப்போது நானும் ஊட்டுகிறேன். முணுமுணுக்க யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, இந்த ஓராண்டில் தானாக வந்துவிட்டது.

அம்மாவின் நோயில் உடனிருந்தவர்களுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், குப்புவோடு தினமும் வருகிற பச்சையம்மாள் அவர்களுக்கும் எங்கள் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வருகிற தாய்மார்கள் தொடர்ந்து வரலாம், கதவு திறந்திருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மாவின் நித்திய இளைப்பாற்றிக்காகப் பூசையில் வேண்டிக்கொண்ட பிறகு வீட்டுக்கு வாருங்கள். அம்மாவை நினைக்கிறவர்கள் தம்பிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போங்கள். மல்லாத்த வேண்டாம், கொஞ்ச வேண்டாம். மோவாயைத் தாழ்த்திப் பிடித்து, கொஞ்சம் திட்டி, இறங்கும்வரை காத்திருங்கள். அந்த நேரம் நான் சற்றுக் கண்ணயர்கிறேன்.