பத்து ஷேர் முதலாளி

இன்று டெல்லி ஜனக்புரியில் ஓர் அரசு வங்கியில் பாஸ்புக் என்ட்ரி போட நின்றிருந்தேன். எனக்கு முன்னால் எங்கள் பிளாக்கில் வீட்டு வேலை செய்யும் செல்வி அக்கா.

நம்மூர்க்காரர் ஒருவர் நேராக அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

"லைன்ல வாங்க சார்" என்றேன்.

"இந்த பேங்க்ல பத்து ஷேர் வெச்சிருக்கேன்மா. ஒரு விதத்துல நான் ஓனர்."

கவுன்டர்காரர் "ஆயியே சார்" என்று இந்தியில் வரவேற்று அவர் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டார்.

அக்கா மெதுவாகக் கேட்டார். "ஓனராக என்ன பண்ணணும்மா?"

"ஷேர் வைக்கிறதுக்குன்னு டீமேட் கணக்கு இருக்கு, அதைத் திறந்தா போன்லயே வாங்கலாம்க்கா. ஒரு ஷேர்கூடப் போதும்."

"எனக்குப் பதினொண்ணு வாங்கிக் குடும்மா. அடுத்த வாட்டி அந்தாளு எனக்குப் பின்னாடி நிக்கட்டும்."

மனுஷனாக எத்தனை ஷேர் வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அவரிடம் சொல்லிவிடுகிறேன்.