எங்கூட்டுக்காரரும் ஆயில் பில்டரும்

இன்னைக்குக் காலையில எங்க வேனுக்கு ஆயில் மாத்த மெக்கானிக் வரல. "இதுக்கெல்லாம் மெக்கானிக் எதுக்கு?"ன்னு எங்கூட்டுக்காரரே வண்டிக்கு அடியில போய்ப் படுத்துட்டாரு.

மத்தியானத்துக்குள்ள எங்க கம்பெனி பனியன் பண்டல் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகோணும். வாங்க வந்தவருக்குச் சாயங்காலம் ரயில்.

பழைய ஆயிலை இறக்கியாச்சு. பில்டர் மட்டும் அசையவே இல்லை. கையில திருகினாரு, வழுக்குச்சு. ஜட்டிக்கு வைக்கற எலாஸ்டிக்கைச் சுத்தி இழுத்தாரு, அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே வந்துச்சு. அப்புறம் அவரோட லெதர் பெல்ட்டு. ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு.

எங்க டெய்லர் செல்விக்கா, தூத்துக்குடிக்காரங்க, டீ குடிச்சிட்டே குனிஞ்சு பார்த்தாங்க.

"அண்ணாச்சி, எந்தப் பக்கம் திருகுதிய?"

"வலப்பக்கமுங்க. நான் அடியில படுத்திருக்கேன்ல, எல்லாம் தலைகீழா மாறுமுங்க."

"அது எப்படி மாறும்? உங்க மூஞ்சிக்கு நேராத்தான இருக்கு? பாட்டில் மூடி மாதிரி இடப்பக்கம் திருகுங்க."



அப்புறம் பெல்ட்டை மாத்திச் சுத்தி இழுத்தாரு. நாலாவது இழுப்புல பில்டர் கழண்டு, மிச்சமிருந்த ஆயில் மூஞ்சியில ஊத்துச்சு. நான் சிரிக்கலீங்க. செல்விக்காதான் டீயைத் துப்பிட்டாங்க.

புது பில்டர் மாட்டி, புது ஆயிலும் ஊத்தினாரு. பண்டலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துருச்சு.

இப்ப அவரு தம்பிகிட்ட போன்ல சொல்லிட்டிருக்காரு: "முன்னாடி மாட்டினவன் ரொம்ப இறுக்கி வெச்சுட்டான்டா. நானா இருக்கப்போய்க் கழண்டுச்சு."

உங்கூட்டு மெக்கானிக் எதை இறுக்கி வெச்சிருக்காருன்னு சொல்லிட்டுப் போங்க.