மஞ்சள் தண்ணீர் குடித்த சர்வர்

நசரத்பேட்டையில் எங்கள் நலச்சங்கக் கட்டிடத்தின் மாடி அறையைத் தலைவர் எனக்குத் தரவில்லை, கணினி வகுப்பு நடத்த நான் பிடுங்கினேன். அதைப் பந்தல்காரர் ஒருவருக்கு நாற்காலி அடுக்க விடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பொதுக்கூட்டத்தில் பெண்கள் போட்ட சத்தத்தில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"ஓடுற வரிக்கும் ஓட்டிக்கோ. என்னிக்கு மெசினு நிக்குதோ, அன்னிக்கே ரூமு காலி."

சரி என்றேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய கணினிகள் அவை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள். போகட்டும். மேசையில் இருப்பவை வெறும் முகம். யோசிக்கிற வேலையெல்லாம் மூலையில் இருக்கும் சர்வருடையது. கேபிள் வழியாக எல்லாத் திரைக்கும் அதுவே படியளக்கும். நான் இரண்டு சர்வர் வைத்தேன், எதிரெதிர் மூலையில். எதைச் சேமித்தாலும் இரண்டிலும் பதியும்.

"ஒரு ஊட்டுக்கு ரெண்டு அடுப்பு இன்னாத்துக்குமா?" என்று தலைவர் கிண்டலடித்தார்.

"ஒண்ணு அணைஞ்சாலும் சோறு வேவணுமே, அதுக்குத்தான்" என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி என்னிடம் தட்டச்சு பழகிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வந்து எல்லாத் திரைக்கும் பொட்டு வைத்துவிட்டு, உட்கார்ந்து தட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குக் கருவியைத் தொடக்கூடாது என்பார்கள். அவளுக்கு லீவு அன்றைக்குத்தானே!

வகுப்பின் மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்த பிறகு தலைவர் வந்தார். கற்பூரம் காட்டும்போது ஆட்டோ, லாரி எதுவானாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே எதையும் அணைக்க விடவில்லை. மாவிலையால் சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். பெரிய பெட்டிக்குப் பெரிய மரியாதை. "அய்யோ, அதுல வேணாம்" என்று நான் கத்துவதற்குள் ஒரு சர்வரின் தலையில் சொம்போடு கவிழ்த்துவிட்டார். பட்டென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். பாதித் திரைகள் இருண்டன.

வேண்டுமென்றே செய்தாரா, தெரியாது. பக்தியில் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் முகத்தில் வந்த மலர்ச்சிக்கு எந்தச் சாமியும் பொறுப்பில்லை.

"நின்னுச்சி பாத்தியா? ரூமை ஒழிச்சி வை, ஆளை இட்டாறேன்" என்று இறங்கிப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொம்பாலேயே ஒரு போடு போட்டிருப்பேன். கை அதற்குள் செத்த சர்வரின் பிளக்கைப் பிடுங்கியிருந்தது. இருண்ட கணினிகளை ஒருமுறை அணைத்துப் போட்டோம். அவை மற்ற சர்வரைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்தன. மெதுவாகத்தான், மூச்சு வாங்கிக்கொண்டுதான். அந்தப் பெண் தன் பெயரைப் போட்டு உள்ளே போனாள். காலையில் சேமித்த பக்கம் அப்படியே இருந்தது. நான் விசிலடித்தேன், வெட்கமே இல்லாமல்.

தலைவர் இரண்டு கூலியாட்களோடு திரும்பியபோது எல்லாத் திரையும் எரிந்துகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அதான் செத்துச்சே?"

"ஒண்ணுதான் செத்துச்சி. ரூமு ஓடிக்கினுதான் கீது."

"மீதி ஒண்ணு எத்தினி நாளைக்கு?" என்று அவர் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

அந்தப் பெண் விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். "தலீவரே, செருப்பை வெளிய உட்டுட்டு வாங்க. மெசினுக்கு இப்பதான பூஜை போட்டீங்க?"

கூலியாட்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். தலைவர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், குனிந்து கழற்றினார்.